பிள்ளைகள் எத்தனை

“உனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியும்தானே, லக்சனா?” என்று அக்னெஸ் அக்கா கேட்டபோது தலையாட்டினேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் இருந்த என்னிடம் அதற்கு முன் யாரும் எதையும் கேட்டு வந்ததில்லை.

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் எங்களுக்கு மேல்மாடியில், ஆறு வயது நிஷானோடு அவர் இருந்தார். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டுவிட்டது. எந்த நாளும் அவரை இலங்கைக்குத் திருப்பி அனுப்பலாம். மிச்சமிருந்தது அமெரிக்க விசாக் குலுக்கல். இலையுதிர் காலத்தில் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், ஒருவருக்கு ஒன்றுதான். கணினி பெயர்களை எடுக்கும். பெயர் விழுந்தவருக்கு அடுத்த கோடையில் கடிதம் வரும். அதுவே விசா அல்ல. நேர்முகத்தில், எழுதியதெல்லாம் உண்மையாக இருக்கவேண்டும்.

“கோயில் லொத்தரிலயே எனக்கு ஒரு சோப்புப்பெட்டி விழேல்லை,” என்று சிரித்தார்.

அவருக்காக நான் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு போக, பிள்ளைகள் எத்தனை என்ற கட்டம் வந்தது.

“ஒண்டு. நிஷான்.”

உடன் வராத பிள்ளை, வேறு வீட்டில் வளரும் பிள்ளை, எல்லோரையும் எழுதவேண்டும் என்று விதிகளில் இருந்தது. மன்னாரில், பிள்ளையில்லாத தமக்கைக்கு அவர் தன் மூத்த மகளைக் கொடுத்திருந்தார். அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். கொடுத்த பிள்ளையைப் பற்றிப் பெற்றவளிடம் எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. நான் வாயெடுத்தேன்.

“என்னடி?”

“ஒண்டுமில்லை அக்கா.”

ஒன்று என்று எழுதினேன்.

பெயர் விழுந்தது. அக்கா படியில் ஓடிவந்து என் நெற்றியில் கொஞ்சினார். கோயிலில் அம்மா முதன்முறையாக என்னைப் பற்றி ஆட்களிடம் பெருமையாகக் கதைத்தார்.

விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் எத்தனை பிரசவம் என்று கேட்டிருக்கிறார்கள். டொக்டரிடம் பொய் சொல்லக்கூடாதென்று இரண்டு என்றிருக்கிறார் அக்கா. நேர்முகத்தில் அதிகாரி விண்ணப்பத்தையும் டொக்டரின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் விட்டிருந்த நிஷானைக் கூட்டிப்போக வந்த அக்கா, மறுப்புக் கடிதத்தை மேசையில் வைத்தார்.

“எல்லாப் பிள்ளையளையும் எழுதவேணும் எண்டு இருந்ததாம். நீ வாசிக்கேல்லையோ?”

“விளங்கேல்லை அக்கா.”

“பாவம், உனக்கு எப்பிடித் தெரியும்? நான்தானே ஒண்டு எண்டனான்.”

பழியை அவரே சுமக்கட்டும் என்று நின்றேன்.

குசினிக்குள்ளிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். “ஏன்டி, மூத்தவளைப் பற்றி உனக்கு நான் சொன்னனானெல்லே?”

அக்கா என்னைப் பார்த்தார். தலையை நிமிர்த்த என்னால் முடியவில்லை.

கடிதத்தை மடித்தார். நிஷானின் காலில் சப்பாத்தைப் போட்டுவிட்டு, நடக்கக்கூடிய பிள்ளையைக் கைக்குழந்தைபோல் தூக்கினார். அவனுடைய கால்கள் அவர் முழங்காலில் இடித்து இடித்து ஆட, மேலே ஏறிப் போனார்.