புகை தெரிகிறது, காற்று தென்மேற்கு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, போனில் வந்தது. பேசியவர் தமிழ்மணி, தீயணைப்புத் துறையின் ஆண்டு மலருக்குப் பொறுப்பாசிரியர். துறையில் வான்பிரிவு தொடங்கியிருக்கிறார்களாம்.* பெயர்ப்பலகை வந்துவிட்டது. சட்டையில் குத்திக்கொள்ளச் சிறகு வைத்த வில்லை வந்துவிட்டது. பிரிவுக்கென்று ஒரு பாட்டுகூட இசையமைத்தாயிற்று. ஹெலிகாப்டர் மட்டும் வரவில்லை. அது வருவதற்குள் படைவீரர்களில் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து விமானிப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்கள். ஆகவே ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன் விமானி ஆகும் தன்னம்பிக்கைக் கதை ஒன்று உடனே வேண்டும்.

"கடைசியில கதை ஜிவ்வுனு மேல ஏறணும் சார்," என்றார்.

மாதிரிக்கு ஆளையும் அவரே கொடுத்தார். இருதய அருண், வயது இருபத்தேழு. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஏதோ ஒரு நிலையத்தில் தீயணைப்பு வீரன். எந்த நிலையம் என்று சொல்லமாட்டேன். [சொன்னால் வண்டி ஓட்டும் ராயப்பனுக்கு மாற்றல் வரும். அவருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான்.]

* இப்படி ஒரு பிரிவு இந்தக் கதைக்குள் மட்டுமே இருக்கிறது. வெளியே போய்த் தேடாதீர்கள்.

2

"சின்ன வயதிலிருந்தே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அருண்..."

அடித்துவிட்டேன். அவன் பார்த்ததெல்லாம் தரையை.

"கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் பொழுது புலர்ந்துகொண்டிருந்த..."

இதுவும் வேண்டாம். பொழுது எல்லார் கதையிலும் புலர்கிறது.

நடப்பது இதுதான். பெரிய மனிதர் ஹெலிகாப்டரில் வருகிறார் என்றால், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கின கொல்லை ஒன்றைச் சமன் செய்து, சுண்ணாம்பில் வட்டம் போட்டு, நடுவே ஹெச் எழுதுவார்கள். பிறகு தீயணைப்பு வண்டி வந்து மண்ணை நனைக்கும். தீக்காக அல்ல. இறங்கும்போது புழுதி எழும்பி வேட்டியில் படக்கூடாதே, அதற்காக. தண்ணீர் கூடினால் சேறாகிச் சக்கரம் புதையும். குறைந்தால் வரவேற்புக் குழு மொத்தமும் செம்மண் பூசிக்கொள்ளும். அந்தப் பதம் அருண் கைக்கு மட்டும்தான் வந்தது. நெருப்பை அணைக்கச் சேர்ந்தவன் மண்ணுக்குத் தண்ணீர் தெளிப்பதில் பேர் வாங்கினான்.

ஒருமுறை விமானி ஒருவர் இறங்கியதும் அவனைக் கூப்பிட்டு, நன்றாக நனைத்திருக்கிறாய் என்று தட்டிக்கொடுத்து, கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்க விட்டார். ஓட்டுகிறவர் காலுக்குக் கீழே கண்ணாடி. அதில் தரை தெரிந்தது. ஆசை அங்கே பிடித்ததுதான்.

"நெருப்பு எங்கருந்து எங்க ஓடுதுன்னு மேலருந்து பாத்தா ஒரே பார்வைல தெரிஞ்சிடும் சார். கீழ நாங்க பொகைக்குள்ள தடவிக்கினு கெடக்கிறோம்," என்று என்னிடம் சொன்னான்.

விண்ணப்பத்தோடு மேலதிகாரியின் தடையின்மைச் சான்று வைக்க வேண்டும். நான்கு மாதமாக நடந்தான். ஹெலிகாப்டரே இன்னும் வரவில்லை, நீ ஏன்டா பறக்கிறாய் என்று கேட்டாராம் நிலைய அலுவலர். கடைசியில், வர்ற செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய மனிதர் வருகிறார், அது நல்லபடியாக முடிந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

(இந்த இடத்தில் தமிழ்மணி மறுபடி கூப்பிட்டார். அருணைப் பெண்ணாக மாற்ற முடியுமா, அட்டைப்படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்றார். கலைப்பிரியா என்று பெயரும் வைத்திருந்தார். அந்த ஆறு பேரில் எத்தனை பெண்களை எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். சிக்னல் சரியில்லை என்றார்.)

3

செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி. பங்குனி வெயில். விண்ணப்பத்தைப் பாலித்தீன் உறையில் போட்டுச் சட்டைக்குள் செருகியிருந்தான் அருண். வண்டியின் தொட்டியில் முக்கால்வாசித் தண்ணீரைக் கொல்லை குடித்திருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று மேலே இருப்பவருக்குக் காட்ட, ஒரு மூலையில் வைக்கோலைக் கொளுத்திப் புகை போடுவார்கள். அன்றைக்கு வைக்கோல் நனைந்து போயிருந்தது. ஆள் மாற்றி ஆள் தீக்குச்சி கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மேற்கே புகை எழுந்தது. முதலில் வெள்ளையாக, பிறகு கறுப்பாக. ஒரு கிலோமீட்டர் இருக்கும். காலனி. அதில் மூன்றாவது கூரை அருணின் பெரியம்மா சவுரியம்மாளுடையது.

ராயப்பன் யாரையும் கேட்காமல் இன்ஜினை எழுப்பினார். அலுவலர் ஓடிவந்தார். ஹெலிகாப்டர் தரையிறங்கும்வரை வண்டி நகரக்கூடாது, அது நிலையாணை.

"சார், காலனி எரியுது சார். மூணு நிமிஷம். போய்ட்டு வந்துர்றோம்," என்றான் அருண்.

"வேற வண்டிக்குச் சொல்லியாச்சு. நீ எறங்கு."

அந்த வேறு வண்டி, இதே பெரிய மனிதருக்காக நிறுத்தி வைத்த போக்குவரத்துக்குள் நின்றுகொண்டிருந்தது.

ஒயர்லெஸ்ஸில் விமானியின் குரல் இங்கிலீஷில் கேட்டது. புகை தெரிகிறது, காற்று தென்மேற்கு, இறங்குகிறேன். அலுவலர் முகம் மலர்ந்தது. வைக்கோலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"விடுங்கப்பா. அவருக்கு இந்தப் பொகையே போதுமாம்."

அருணின் கை வண்டிக் கதவின் பிடியில் இருந்தது. அவன் சட்டென்று

4

இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன். இதை முடிக்க என்னிடம் மூன்று வழி இருக்கிறது.

மலருக்கான முடிவு: இன்னும் ஐந்து வருடம் கழித்து, சிறகு வில்லை மின்ன, அருண் வானிலிருந்து அதே காலனிமேல் தண்ணீர் கொட்டுகிறான். கதை ஜிவ்வென்று ஏறுகிறது. ஐந்து வருடம் வரைக்கும் காலனி எரிந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் ஆத்திரத்துக்கான முடிவு: ராயப்பன் ஹெச் எழுத்தின்மேல் வண்டியை ஏற்றி, பந்தலைக் கிழித்துக்கொண்டு காலனிக்குப் பறக்கிறார். இதை மூன்று பக்கம் எழுதினேன், கை வலித்தது, சுகமாக இருந்தது. அருணுக்குப் படித்தும் காட்டினேன்.

"இத செஞ்சிருந்தா நான் எதுக்கு சார் உங்க முன்னாடி தலயத் தொங்கப் போட்டுக்கினு ஒக்காந்திருக்கப் போறேன்?" என்றான்.

ஆக, நடந்தது மூன்றாவது. அவன் கையை எடுத்துவிட்டான். ராயப்பன் இன்ஜினை நிறுத்தினார். பதினான்கு நிமிடம் நின்றார்கள். ஹெலிகாப்டர் இறங்கியது. ஒரு பொட்டுப் புழுதி எழவில்லை. பொன்னாடைகள் முடிந்து கார்கள் கிளம்பிய பிறகு வண்டி போனது. ஆறு வீடு சாம்பல். ஆள் சேதம் இல்லை, ஏனென்றால் காலனியில் ஆளே இல்லை. அத்தனை பேரையும் பெரிய மனிதரின் கூட்டத்தில் கைதட்டுவதற்காக வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் ஒன்றரை வீட்டுக்குக் காணும்.

சவுரியம்மாள் கூட்டத்திலிருந்து நடந்தே வந்தாள், கையில் அவர்கள் கொடுத்த காகித விசிறியோடு. ரேஷன் கார்டு போயிருந்தது. அடுத்த பட்டத்துக்கு வைத்திருந்த விதை மல்லாட்டை மூட்டை கருகி வெடித்துக் கிடந்தது. தெருவே வறுத்த வாசனை. பிள்ளைகள் சாம்பலைக் கிளறிப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. அவளும் ஒன்றை எடுத்து, உடைத்து, அவனிடம் நீட்டினாள்.

"இந்தா, துன்னு. பதமா வறுத்துக் குடுத்துருக்கீங்க."

அவன் வாங்கவில்லை.

"மேல இருந்தவனுக்கு இது தெரிஞ்சிதாடா?"

"தெரிஞ்சிது பெரிம்மா. காத்து எந்தப் பக்கம்னு தெரிஞ்சிது."

அன்று மாலையே அலுவலர் சான்றில் கையெழுத்துப் போட்டார். தன் கையாலேயே ஒரு வரியும் சேர்த்திருந்தார்: 'தூசு கட்டுப்படுத்துவதில் தன்னிகரற்றவர்.'

5

படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. 'தாங்கள் ஏன் விமானி ஆக விரும்புகிறீர்கள்? ஐம்பது சொற்களுக்குள்.' அருண் முன்பே பென்சிலில் எழுதியிருந்தான். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அழித்துவிட்டான். அழித்த தடம் தெரிகிறது: 'மேலே இருந்தால் தீ தெரியும்.'

"நீங்க எழுதறவரு, நீங்களே எழுதிக் குடுங்க சார்," என்று கூட்டேரிப்பட்டு டீக்கடையில் படிவத்தை என் பக்கம் தள்ளினான். "அந்த பைலட்டு நல்ல மனுசன் சார். அவரு வேலய அவரு செஞ்சாரு. அன்னிக்கு மேல நான் இருந்திருந்தா எனக்கும் காத்து மட்டுந்தான் தெரிஞ்சிருக்குமோ என்னவோ. அதான் பேஜாரா இருக்கு."

அவனுக்கு இன்னும் ஆசை இருக்கிறது. அதுதான் அவனைக் கொல்கிறது. போகாமல் இருந்தால், அடுத்த பெரிய மனிதருக்கும் மண் நனைக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

நானும் இரண்டு வாரமாக எழுதிப் பார்க்கிறேன். இத்தனை பக்கம் வந்துவிட்டது, அந்த ஐம்பது சொல் வரவில்லை. தமிழ்மணி மூன்று முறை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

ஆகவே படிவத்தை உங்களிடம் தருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போய்ச்சேர வேண்டும். சேவை, கனவு, சிகரம் ஆகிய சொற்களை எழுதப் போகிறீர்கள் என்றால் இப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எழுதி முடித்ததும் அருணிடம் காட்ட வேண்டாம். காலனிக்குப் போய்ச் சவுரியம்மாளிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஐம்பதாவது சொல்வரைக்கும் படிக்க முடிந்தால், தபாலில் சேர்த்துவிடுங்கள்.