அணி பிரிக்கும் நேரம்

அணி பிரிக்க ஊதிய விசில் சத்தம் அடங்குவதற்குள் மிளகா வாலிபாலைக் காலால் எட்டி உதைத்தாள். பந்து சுவரில் மோதித் திரும்பி, ஒரு பெண்ணின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டு உருண்டது. பேச்செல்லாம் காரம் என்பதால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர்தான் மிளகா. வழக்கமாக இந்த இடத்தில் பயிற்சி தரும் அக்கா வாசலைக் காட்டுவாள். மிளகாவும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி தெனாவெட்டாக வெளியே நடப்பாள். அந்த நடையைப் பார்த்தாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்றைக்கு வெளியே அனுப்பினால் அதோடு சரி. விளையாட்டு மன்றத்துச் செயலாளர் வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் ரகளை பண்ணினா பேரை எடுத்துடுங்கம்மா. ஒருத்திக்காக ஊரு பூராவுக்கும் நான் பதில் சொல்ல முடியாது."

வாசலைக் காட்ட நீட்டப்போன அக்காவின் கை பாதியில் நின்றது. கொஞ்சம் முன்னால் வலை கட்ட ஓடி வந்தவள் இவள்தானே? ஓட்டத்திலும் முதல் ஆள். பிறகு எப்போது பேய் பிடிக்கிறது? அக்காவுக்குக் கோபத்தை மீறி அதைத் தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது. தலைவிகள் இருவர் கோட்டருகே வந்து நின்றிருந்தார்கள். ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அழைத்து அணி பிரிப்பார்கள். மிளகாவை யாராவது அழைத்துப் பார்த்திருக்கிறோமா? அவள் சேர்ந்த அன்று கடைசி ஆளாகத் தனியே நின்றதும், "நீயே வெச்சுக்கோ", "எனக்கு வேணாம்ப்பா" என்று தலைவிகள் சிரித்ததும் ஞாபகம் வந்தது. அதன் பிறகு, பேர் சொல்லும் நேரத்தில் அவள் எப்போதும் வெளியேதான் இருந்திருக்கிறாள். அனுப்பிவைத்தது தான்தான் என்று நினைத்தபோது அக்காவுக்குச் சுருக்கென்றது.

"நானே போறேன்," என்றாள் மிளகா, பாட்டிலோடு.

"நில்லுடி. முதல்ல அவகிட்ட மன்னிப்புக் கேளு." அக்கா தலைவிகள் பக்கம் திரும்பினாள். "இன்னிக்கு யாரும் யாரையும் கூப்பிட வேணாம்."

கையில் கட்டும் சிவப்பு, நீல நாடாக்களை ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கினாள். பார்க்காமல் ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். பிள்ளைகள் முண்டியடித்தார்கள். மிளகா முணுமுணுப்பாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, பைக்குள் பாம்பு இருப்பதுபோல் தயங்கித் தயங்கிக் கையை விட்டாள். எடுத்ததை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

"என்ன கலர்டி?" என்றாள் கண்ணாடிக்காரி. அவள் மணிக்கட்டில் நீலம்.

வாசலில் செயலாளர் வந்து நின்றார். மிளகாவின் ஒரு கையில் பாட்டில். மூடிய இன்னொரு கையின் விரலிடுக்கில் நீல நுனி எல்லாருக்கும் தெரிந்தது. கண்ணாடிக்காரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கோட்டில் தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டுத் தள்ளி நின்றாள்.