மய்யித்துக்கு ஆகாத தண்ணீர்

அன்சூரத் கெண்டியை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். முகம் சுருங்கியது. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். பிறகு நாக்கு நுனியில் தொட்டு, அப்படியே வாசலுக்கு வெளியே துப்பினாள்.

“இது ஆகாதும்மா.”

“எதுக்கு ஆகாது பெரியம்மா?” என்றாள் ஜுமகுல்.

“மய்யித்தைக் குளிப்பாட்ட ஆகாது. பின்னே, சூப்பு வைக்கவா உன்கிட்ட தண்ணி கேட்டேன்?”

பலகையின் மேல், வெள்ளைத் துணிக்கு அடியில், ஜுமகுலின் மாமியார் சனவ்பர் கிடந்தாள். விடியற்காலையில் உயிர் போயிருந்தது. துணிக்கு வெளியே தெரிந்த பாதங்கள் இரண்டும் மஞ்சளாக இருந்தன. காமாலை முற்றிவிட்டது, தலைநகர் துஷான்பேக்குக் கொண்டுபோனாலும் பிரயோசனமில்லை என்று டாக்டர் கைவிரித்திருந்தார். “எங்கே, என்ன குடிச்சாங்க?” என்று அவர் கேட்டதற்கு, “சந்தையில முலாம்பழம் சாப்பிட்டாங்க” என்று சனவ்பரின் மகன் தவ்ரோன் சொல்லிவிட்டான். முலாம்பழம் வந்து இல்லையென்று சொல்லவா போகிறது.

அன்சூரத் கெண்டியைக் கீழே வைத்தாள். அந்த மஹல்லாத் தெருக்களில் பெண்கள் இறந்தால் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றுவது அவள்தான். அவளிடம் முகதாட்சண்யம் செல்லாது.

“நெறம், வாடை, ருசி. மூணும் கெடாம இருக்கணும். வெறும் மண்ணு கலங்கியிருந்தா நானே கண்ணை மூடிக்கிட்டு ஊத்தியிருப்பேன். இது மண்ணு இல்ல, சாக்கடை இறங்கியிருக்கு. அல்லாகிட்ட அனுப்புற உடம்பு. இந்த வயசுல என் தலையில பாவத்தைக் கட்டாதே.”

கெண்டி பிடிக்க வந்திருந்த பக்கத்து வீட்டு ஹோசியத் சுவரோரம் நின்றிருந்தாள். “எங்க மொஹிரா குடிச்ச தண்ணிதான்,” என்றாள், யாரையும் பார்க்காமல்.

முற்றத்தில் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. மற்ற நாளில் காலையில் கொஞ்ச நேரம், பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம், அவ்வளவுதான் வரும். இன்று குடிநீர் அலுவலகத் தலைவர் துக்கம் கேட்க வருகிறார் என்பதால் அந்தத் தெருவுக்கு மட்டும் விடாமல் திறந்துவிட்டிருந்தார்கள். செத்தவளுக்குச் செய்யும் மரியாதையாம்.

சனவ்பர் அந்த அலுவலகத்தில் புகார் ஜன்னலில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அந்த ஒரே ஜன்னல். ஜனங்கள் பாட்டிலில் பழுப்புத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். அவள் சத்தம் போடமாட்டாள். பாட்டிலை வாங்கி, பூப்போட்ட கிண்ணத்தில் ஊற்றி, வந்தவர் கண்ணெதிரே மடக் மடக்கென்று குடித்துவிடுவாள். “நல்லாத்தானே இருக்கு? கொஞ்சம் மண்ணு. ஆத்துத் தண்ணின்னா மண்ணு இல்லாம இருக்குமா? போய்ட்டு வாங்க.” அதற்குமேல் யார் என்ன சண்டை போடுவது? வந்தவர்கள் வாயடைத்துத் திரும்புவார்கள். மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் தலைவர் அந்த ஜன்னலுக்கு அழைத்துவந்து பெருமையாகக் காட்டுவார்.

போன வசந்தத்தில், வெள்ளம் வடிந்த கையோடு, ஹோசியத்தும் ஒரு பாட்டிலோடு போனாள். பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்த மகள் மொஹிராவுக்குக் கண் மஞ்சளித்திருந்தது. சனவ்பர் அந்தப் பாட்டிலையும் வாங்கிக் குடித்தாள். சில நாளில் மொஹிரா வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள். அடக்கத்தன்று சனவ்பர் ஒரு தட்டு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போய்விட்டாள்.

இதன் மறுபாதி அந்த வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் சனவ்பர் குழாய்த் தண்ணீரில் வாய்கூடக் கொப்பளிக்கமாட்டாள். பிடித்த தண்ணீரில் படிகாரத்தைச் சுழற்றி, அடியில் வண்டல் தங்கும்வரை விட்டு, மேல் தண்ணீரை மட்டும் மொண்டு, இரண்டு தரம் கொதிக்கவைத்து, துணியில் வடித்து, பின்னறைப் பீப்பாயில் ஊற்ற வேண்டும். ஊற்ற வேண்டியவள் மருமகள். கை தவறி ஒரு சொட்டு சிந்திவிட்டால் போதும், “உங்கப்பன் வீட்டு ஆறா?” என்பாள். அரிசி கழுவிய தண்ணீர் முள்ளங்கிப் பாத்திக்கு, பாத்திரம் கழுவியது திராட்சைக் கொடிக்கு, துணி அலசியது கழிப்பறைக்கு. ஜுமகுல் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஆசை தீர ஒரு நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டதில்லை.

“தண்ணி இருக்கு பெரியம்மா,” என்று சொல்லிவிட்டு அவள் பின்னறைக்குப் போனாள்.

பீப்பாயின் மூடியில் கை வைத்தபோது தவ்ரோன் உள்ளே வந்தான். துக்கக்காரன் என்பதற்கு அடையாளமாக இடுப்பில் துணி கட்டியிருந்தான். அழுத கண், வியர்த்த முகம்.

“அதைத் தொடாதேன்னு காலையிலயே சொன்னேன்ல?”

“அத்தையைக் குளிப்பாட்டணும்.”

“குழாய்ல கொட்டுது. பிடிச்சு ஊத்துங்க.”

“ஆகாதுன்னுட்டாங்க அன்சூரத் பெரியம்மா.”

“ஏன், என்ன கேடு அதுக்கு?”

“நீங்களே போய் மோந்து பாருங்க.”

அவன் போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான். “தலைவர் வர்றார்டி. வெயிலு மண்டையைப் பொளக்குது. மய்யித்து இருக்கிற வீட்டுல அடுப்பு மூட்டக்கூடாது, டீயும் கிடையாது. குடிக்கத் தண்ணியாவது கொடுக்க வேணாமா? அவருக்கா குழாய்த் தண்ணி கொடுக்கிறது?”

“அத்தை குடிச்சாங்களே.”

“அது வேலை.”

“அந்த வேலை உங்களுக்கு வேணாங்க.”

“என்ன?”

“அந்த ஜன்னலு உங்களுக்குத்தான்னு அவர் சொல்லியிருக்காரில்ல? வேணாம்னு சொல்லிடுங்க. குடிச்சுக் குடிச்சுத்தான் அவங்க அங்க மஞ்சளா கிடக்காங்க. நமக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு.”

“ரெண்டு புள்ளைங்க இருக்கிறதாலதான் சொல்றேன். பம்ப் கொட்டகையில தினக்கூலியாவே கிடந்து சாகவா? இல்ல, மாஸ்கோவுக்குப் போய்த் தெருவுல பனி தள்ளட்டுமா? சொல்லு, எதுன்னாலும் நீயே சொல்லு.”

வெளியே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். “பாதியாவது மிச்சம் வை,” என்று விரலை ஆட்டிவிட்டுப் போனான். ஜுமகுல் மூடியை அழுத்தி மூடினாள். பிறகு பீப்பாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, தரையில் உரச உரச, குளிப்பாட்டும் அறைவரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

அன்சூரத் மறுபடியும் மோந்தாள், பார்த்தாள், ருசித்தாள். “மாஷா அல்லாஹ்,” என்றாள். “இப்படியொரு தண்ணி நம்ம ஊருல இருக்கா!”

ஹோசியத் எட்டிப் பார்த்தாள். பீப்பாயின் அடிப்பாகத்து ஒடுக்குகூடத் தெளிவாகத் தெரிந்தது. அவள் வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

“எங்கேருந்து வந்தது?”

“வீட்டுல தெளிய வச்சதுதான் சித்தி. ரெண்டு தரம் காய்ச்சுவோம்.”

“எப்பலேருந்து?”

ஜுமகுல் பீப்பாயின் மூடியை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு சுவருதான்,” என்றாள் ஹோசியத். “தட்டியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும். காய்ச்சிக் குடுடீன்னு ஒரு வார்த்தை. ஜன்னல்ல வேணாம், சுவத்துக்கு இந்தப் பக்கத்துலேருந்து சொல்லியிருக்கலாமே.”

“மய்யித்து முன்னாடி பேசாதே,” என்று அன்சூரத் அதட்டினாள். “ஊத்து.”

ஹோசியத் கெண்டியை மொண்டாள். ஊற்றமாட்டாள், விட்டெறிந்துவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் ஜுமகுல் நினைத்தாள். அவள் ஊற்றினாள். வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், அன்சூரத் சொன்ன இடத்திலெல்லாம், நிதானமாக ஊற்றினாள். உயிரோடிருந்தபோது ஒரு குவளைக்குக் கணக்குப் பார்த்தவள்மேல் தண்ணீர் தாராளமாக வழிந்து ஓடியது. ஜுமகுலின் கை தன்னையறியாமல் ஒரு பேசினை எடுத்துப் பலகையின் ஓரத்தில் ஏந்தியது.

“என்ன பண்றே?” அன்சூரத் பேசினைக் காலால் தள்ளினாள். “மய்யித்துக் குளிச்ச தண்ணியைத் திராட்சைக்கு ஊத்தப் போறியா? யாரு காலும் படாத குழியில போகணும் அது. நல்லா வளத்திருக்கா மருமகளை!”

அங்கிருந்த பெண்களில் ஒருத்தி சிரிப்பை முக்காட்டுக்குள் அடக்கினாள். ஜுமகுலுக்கு அப்போதுதான் முதல்முறையாக அழுகை வந்தது. மாமியாரை நினைத்து அழுதாளா, தன்னை நினைத்து அழுதாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மூன்று முறை குளிப்பாட்டி முடித்தபோது பீப்பாயில் ஒரு கை அளவுகூட மிஞ்சவில்லை.

கஃபன் கட்டிக்கொண்டிருக்கும்போதே தெருவில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. தெருவோரப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுந்தார்கள். தலைவர் இரண்டு கையையும் ஏந்தி ஓதிவிட்டு, சனவ்பரின் பெருமையைப் பேச ஆரம்பித்தார். அவர் குரல் மேடைக்குப் பழகியது. உள் அறைவரை கேட்டது.

தவ்ரோன் வேகமாக முற்றத்துக்குள் வந்து ஜுமகுலை அறை வாசலுக்குக் கூப்பிட்டான். “கொடு. தொண்டை காஞ்சிடுச்சுன்றார்.”

“இல்லை.”

“பாதி வைன்னு சொன்னேனே!”

“அத்தை மேல ஊத்தியாச்சு.”

அவன் காலியான பீப்பாயைப் பார்த்தான். அவளை அடிக்கக் கை ஓங்குவான்போல இருந்தது, ஓங்கவில்லை. குழாயடிக்குப் போய் ஒரு கிண்ணத்தில் பிடித்தான். பார்த்தான், கொட்டினான். கொஞ்சம் ஓடவிட்டு மறுபடி பிடித்தான். அதே நிறம்தான். அதை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஜுமகுல் தெருக்கதவின் இடுக்கில் போய் நின்றாள். அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது. குடிக்கட்டும், அல்லது குடிக்காமல் கீழே வைக்கட்டும். எதுவானாலும் தவ்ரோன் கண்ணால் பார்க்கட்டும். அதோடு அந்த ஜன்னல் பேச்சு முடிந்துவிடும்.

“நம்ம சனவ்பர் மாதிரி ஒரு விசுவாசி…” என்று பேசிக்கொண்டே தலைவர் கிண்ணத்தை வாங்கினார். உதட்டுக்குக் கொண்டுபோனவர் பேச்சை நிறுத்தினார். கிண்ணம் மோவாய்க்கு அருகில் அப்படியே நின்றது.

ஜுமகுலை ஒதுக்கிவிட்டு ஹோசியத் கதவைத் திறந்து வெளியே போனாள். ஆண்கள் கூடியிருக்கும் இடத்துக்குப் பெண் வருவது அங்கே வழக்கமில்லை. அவளுடைய கைகள் இன்னும் ஈரமாக இருந்தன.

“குடிங்க தலைவரே,” என்றாள். “அவ உங்களுக்காக எவ்வளவோ குடிச்சா. என் பாட்டிலையும் குடிச்சுத்தான் என் வாயை அடைச்சா. உள்ள வந்து பாருங்க, வீட்டுல காய்ச்சி வடிச்சு வச்சிருந்தா. அதுலதான் இப்ப அவளைக் குளிப்பாட்டிட்டு வர்றேன். உங்க குழாய்த் தண்ணி மய்யித்துக்கு ஆகாதாம். அன்சூரத் சொல்லிட்டா. உசுரோட இருக்கிறவங்களுக்கு ஆகும்போல இருக்கு. எங்க பொண்ணு குடிச்சா. நீங்களும் ஒரு வாய் குடிங்க.”

தலைவரின் டிரைவர் காரை நோக்கி இரண்டடி வைத்துவிட்டு, எல்லோரும் பார்ப்பது தெரிந்து நின்றுவிட்டான்.

“எனக்கு… சில்லுன்னு எதுவும் கூடாதுன்னு டாக்டர்…” என்றார் தலைவர். கிண்ணத்தை வைக்க இடம் தேடினார்.

இதுதான், இதற்குத்தான் காத்திருந்தேன் என்று ஜுமகுலின் மனம் அடித்துக்கொண்டது. தவ்ரோன் தலைவரின் முகத்தைப் பார்த்தான். ஹோசியத்தைப் பார்த்தான். தெருவில் இருந்த ஆண்கள் அத்தனை பேரையும் ஒரு தரம் பார்த்தான். பிறகு கையை நீட்டினான்.

“கொடுங்க தலைவரே.”

மடக் மடக்கென்று கடைசிச் சொட்டுவரை குடித்தான். கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான்.

“நல்லாத்தானே இருக்கு?” என்றான். “கொஞ்சம் மண்ணு.”

ஹோசியத் அவனையே பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள். தலைவர் தவ்ரோனின் தோளில் கையை வைத்து இரண்டு தட்டு தட்டினார். மற்றவர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை என்பதால் ஜுமகுல் கதவோடு நின்றாள். தவ்ரோன் முன்பக்கம் தோள் கொடுத்திருந்தான். கண்ணாடிகளை ஏற்றிவிட்ட கார் ஊர்ந்து பின்னால் போனது. தெருமுனையில் தோள் மாற்றிக்கொள்ளக் கூட்டம் நின்றபோது, அவன் மட்டும் விலகிச் சுவரோரம் போனான். குனிந்து துப்பினான். இன்னொரு தரம் துப்பினான். காலால் அதன்மேல் மண்ணைத் தள்ளிவிட்டு, ஓடிப்போய் மறுபடியும் தோள் கொடுத்தான்.