பூட்டிய பள்ளிக்கூடத்தில் பத்து நாள்

கால்நடைத் துறையில் அவருக்கு ஊசிக்காரர் என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருடங்களாகப் பண்ணை பண்ணையாகப் போய்க் கோழிகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர். குஞ்சாக இருந்தால் கண்ணில் சொட்டு மருந்து, வளர்ந்ததாக இருந்தால் இறக்கைக்கடியில் ஊசி. அவர் கைக்குள் வந்த கோழி அலறாது என்று பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தக் கையோடுதான் அன்றைக்கு அக்காவின் பண்ணைக்குப் போக வேண்டியிருந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. நகரத்தை ஒட்டிய மரத்தோப்பில் தனியாளாக அறுநூறு கோழி வளர்த்துவந்த அம்மாள். கூண்டு கிடையாது, எல்லாம் மரத்தடியில் மேயும். மூன்று நாளில் நாற்பது கோழி செத்து விழ, அக்காவே துறைக்குப் போன் போட்டுச் சொன்னார். ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது: பறவைக் காய்ச்சல். மறுநாள் காலை பாதையை மறித்துக் கயிறு கட்டினார்கள். மிச்சமிருக்கும் அத்தனை கோழியையும் அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று உத்தரவு.

பனி விலகாத காலை அது. ஊசிக்காரர், டிரைவர், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் உயரமான உதவியாளன், இன்னும் இரண்டு பேர், எல்லோருக்கும் மேலே டாக்டரம்மா. எல்லோருக்கும் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. கண்ணாடிக்குள் மூச்சு படிந்து, தோப்பே பாலுக்குள் மிதப்பது போல் தெரிந்தது. பாதையெல்லாம் சுண்ணாம்புத் தூள். யார் யாரென்று அடையாளமே இல்லை. நெட்டையை மட்டும் உயரத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

கோழிகள் சிக்கவில்லை. வெள்ளை உருவங்களைக் கண்டு கிளைக்குக் கிளை தாவின. வலை வீசினால் வலைக்கு வெளியே இருந்தன. ஒரு மணி நேரத்தில் பதினெட்டுதான் பிடித்தார்கள். டாக்டரம்மா அக்காவின் வீட்டுக்குள் போய், சிறிது நேரத்தில் தலையைக் குனிந்தபடி திரும்பி வந்தார்.

"வேற வழி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

ஊசிக்காரருக்கு வழி தெரியும். இருபது வருடமாக இந்தப் பண்ணைக்கு வந்துபோனதில் காதில் பழகிய வழி. முகமூடியை லேசாக இறக்கி, அக்கா தினமும் தீனி போடும்போது கொடுக்கும் குரலைக் கொடுத்தார். நாக்கை மேலண்ணத்தில் தட்டி, கடைசியில் ஒரு இழுப்பு இழுத்து, "ப்ப்பா... ப்பா... வா" என்று.

தோப்பு ஒரு கணம் அசையாமல் நின்றது. அப்புறம் மரங்களிலிருந்து, புதரிலிருந்து, கொட்டகைக்குப் பின்னாலிருந்து கோழிகள் ஓடி வந்தன. தலையை ஆட்டி ஆட்டி, ஒன்றையொன்று முந்திக்கொண்டு, நேராக அவர் காலடிக்கு.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

*

கோழியைத் தொட்டவர்கள் பத்து நாள் வெளியாட்களோடு பழகக் கூடாது. அதனால் விடுமுறையில் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்து அவர்களை அதில் தங்கவைத்தார்கள். ஆண்களுக்கு மூன்றாம் வகுப்பு, டாக்டரம்மாவுக்கும் அக்காவுக்கும் எதிர்த்த அறை. காலையும் மாலையும் காய்ச்சல் பார்ப்பார்கள். தினம் மாத்திரை. சாப்பாட்டை யாரோ கேட்டில் வைத்துவிட்டு, மணியடித்துவிட்டு, ஓடிவிடுவார்கள்.

"மூணாங் கிளாஸ்ல ரெண்டு தடவை ஃபெயிலானவன் நான். மூணாவது தடவையும் இங்கயே கொண்டுவந்து உட்கார வெச்சுட்டாங்களே!" என்றான் நெட்டை. முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அதையே சொன்னபோது அவனே சிரிக்கவில்லை.

பகல்கள் நீளமாக இருந்தன. ஜன்னல் வழியே விழுந்த வெயில் பெஞ்சு பெஞ்சாக நகர்ந்தது. கரும்பலகையில் பாதி அழித்த ஒரு கூட்டல் கணக்கு. சாக்பீஸ் தூள் வெளிச்சத்தில் எழுந்து, கீழே விழாமல், யோசித்துக்கொண்டே நின்றது. ஊசிக்காரர் பெஞ்சில் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று அவருக்கே பிடிபடாது.

அக்கா எதிர்த்த வராந்தாவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊசிக்காரர் பக்கம் திரும்பவே இல்லை. ஒருமுறை குழாயடியில் நேருக்கு நேர் வந்தபோது, குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இருபது வருடமாக "வாங்க தம்பி" என்று டீயோடு வருகிறவர்.

நான்காம் நாள் காலை அவருக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல்.

டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. தொண்டையில் பஞ்சு விட்டு மாதிரி எடுத்து அனுப்பினார். ஊசிக்காரரைத் தனியாகத் தலைமையாசிரியர் அறைக்கு மாற்றினார்கள். முடிவு வர இரண்டு நாள் ஆகும். அவர் மனைவி போனில், "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று அவருக்குச் சொல்வது போலத் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

காய்ச்சலில் அறை மெல்ல அகலமானது. சுவரில் தொங்கிய உலகப் படத்தில் கடல் மட்டும் அசைந்தது. கதவிடுக்கு வழியாகக் கோழிகள் உள்ளே வந்தன. அவசரமில்லாமல், வரிசையாக, பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வரும் பிள்ளைகளைப் போல. மேசைமேல் ஏறின, அலமாரியில் அமர்ந்தன, பீரோவின் உச்சியில் இறகைக் கோதின. ஒன்றுக்கும் கோபமில்லை. அவர் சொல்லப்போவதைக் கேட்கத்தான் வந்ததுபோல் காத்திருந்தன. அவருக்கோ நாக்கு எழவில்லை.

"தம்பி, முழிச்சிருக்கீங்களா?"

கண் திறந்தார். கோழிகள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, டாக்டரம்மா சுண்ணாம்பால் கிழித்த கோட்டுக்கு அப்பால், அக்கா நாற்காலியோடு உட்கார்ந்திருந்தார். சாயங்கால வெயில் அவர் பாதி முகத்தில்.

"தண்ணி குடிக்கச் சொன்னாங்க. சொம்பு பக்கத்துலயேதான் இருக்கு, பாருங்க."

அவர் எழுந்து குடித்தார்.

"அக்கா... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"குரல் கொடுத்தது நீங்கதானே. எனக்குத் தெரியும்."

ஊசிக்காரர் சொம்பைக் கீழே வைத்தார்.

"நான் வீட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கேன். வெளிய நானே கூப்பிடுற மாதிரி கேக்குது. ஒரு நிமிஷம் எனக்கு நான் எங்க இருக்கேன்னே புரியல. எழுந்து கதவுகிட்ட வந்துட்டேன், தெரியுமா? நானே ஓடிப்போய் நின்னிருப்பேன் போல."

"மன்னிச்சுக்கங்கக்கா. வேற வழி தெரியல."

"நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க? டாக்டரம்மா முதல்ல என்னைத்தான் கேட்டாங்க. 'நீங்க கூப்பிட்டா வரும், அடிச்சுப் பிடிக்காம அமைதியா முடிச்சிடலாம்'னு எவ்வளவு பதமா சொன்னாங்க. நான் முடியாதுன்னு கதவைச் சாத்திக்கிட்டேன். வளர்த்தவ நான். கடைசி வரைக்கும் நான்தான் நின்னிருக்கணும். அதை உங்க தலையில கட்டிட்டேன்."

"அப்ப எம்மேல கோபம் இல்லையா?"

"கோபமா? உங்க மூஞ்சியப் பாக்க வெக்கமா இருந்துச்சு தம்பி. அதான் குடத்தைக் கூட விட்டுட்டு ஓடினேன்."

மைதானத்து மரத்தில் ஏதோ பறவை கத்தியது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"கோழிங்க பயந்துச்சா?" என்று அக்கா கேட்டார். "உள்ளதைச் சொல்லுங்க."

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. "கூப்பிட்டப்ப பயப்படல. மயக்க வாயுப் பெட்டிக்குள்ள இறக்கினப்போ கொஞ்சம் படபடத்துச்சு. ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் தலை சாஞ்சிடுச்சு, தூக்கம் மாதிரி. ஒண்ணு மட்டும் என் தோள்ல ஏறி உட்கார்ந்துக்கிட்டு இறங்க மாட்டேன்னுடுச்சு. கழுத்துல சிவப்பு. எனக்குக் கையே வரல. நெட்டைதான் எடுத்தான்."

"வாயாடி!" அக்கா சிரித்துவிட்டார். "அது யார் வந்தாலும் ஏறிடும். ஒரு தடவை தபால்காரர் தோள்ல உட்கார்ந்து தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துச்சு. அவர் பயத்துல கடிதாசியைக் கூடக் கொடுக்கல." சிரித்துக்கொண்டே இருந்தவர் எப்போது அழ ஆரம்பித்தார் என்று ஊசிக்காரருக்குத் தெரியவில்லை. கோட்டைத் தாண்டிப் போகவும் முடியாது. அறைக்குள் நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, அவரும் அழுதார்.

அதன்பிறகு அக்கா தினமும் அந்த நாற்காலியில்தான் இருந்தார். காய்ச்சலில் ஊசிக்காரர் கண்ணயர்ந்தால் பேச்சை நிறுத்துவார். விழித்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான். "வியர்த்த உடுப்போட பச்சைத்தண்ணியில குளிச்சா யாருக்குத்தான் வராது?" என்று டாக்டரம்மா திட்டினார். திட்டும்போது அவர் குரல் உடைந்தது. பத்தாம் நாள் மாலை எல்லோரும் நலமாக வீடு திரும்பினார்கள். நோய் அந்தத் தோப்பைத் தாண்டி வேறெங்கும் பரவவில்லை.

தோப்பில் மூன்று மாதத்துக்குக் கோழி வைக்கக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊசிக்காரர் போய் மண்ணும் தண்ணீரும் சோதனைக்கு எடுத்துவந்தார். மழை பெய்து சுண்ணாம்பு கரைந்தது. கோழிகள் கிளறாததால் மரத்தடியெல்லாம் முழங்கால் உயரம் புல் வளர்ந்தது. அதற்குள் நடக்கும்போது சத்தமே கேட்காது.

தடை நீங்கிய கடிதத்தை அவரே கையோடு கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா வாசலில் நின்று இரண்டு முறை படித்தார்.

"மறுபடியும் வளர்ப்பீங்களாக்கா?"

"தெரியல தம்பி. அம்பது குஞ்சு வாங்கிப் பாக்கலாமான்னு இருக்கு. தைரியம் வரணும்." கடிதத்தை மடித்தார். "எதுக்கும் வேலி நாலு இடத்துல அறுந்து கிடக்கு. அவசரமா போகணுமா?"

"இல்லக்கா."

அக்கா உள்ளே போய்க் கம்பி முறுக்கும் குறடு ஒன்றைக் கொண்டுவந்தார். ஊசிக்காரர் கம்பியை இழுத்துப் பிடித்தார், அக்கா முறுக்கினார். இழுத்தது போதாது என்று அக்கா சொல்ல, முறுக்கத் தெரியவில்லை என்று இவர் சொல்ல, புல்லில் காற்று போய் வந்துகொண்டிருக்க, மூன்றாவது இடத்துக்கு அவர்கள் வரும்போது மத்தியானமாகிவிட்டது.