தட்டில் வரும் மாத்திரை

சாய்ராவின் மாத்திரை பதினோரு வருடமாகத் தட்டில்தான் வருகிறது. நீலப் பூப்போட்ட சின்னத் தட்டு, அதன் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. பக்கத்தில் உப்புப் போட்டு வெண்ணெய் மிதக்கிற பால் தேநீர் ஒரு கிண்ணம். சாய்ரா அபா என்று கூப்பிடும் மாமியார் புருல் தன் கையாலேயே இரண்டையும் நீட்டுவாள். விழுங்கியதும், "எங்கே, வாயைத் திற" என்பாள். நாற்பத்தெட்டு வயது மருமகள், கல்லூரியில் படிக்கிற மகனைப் பெற்றவள், வாயைத் திறந்து காட்டுவாள்.

இதில் கொடுமை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன் சாய்ராவின் கழுத்து வீங்கியது. பால் கறக்க உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுவாள். நாரின் நகரத்து ஆஸ்பத்திரியில் தைராய்டு என்று சொல்லி, ஒரு நாளும் தவறாமல் மாத்திரை போட வேண்டும் என்றார்கள். சாய்ரா வாரத்தில் மூன்று நாள் மறந்தாள். மறதியும் அந்த நோயோடு சேர்ந்து வந்ததுதான். புருலின் தங்கை கழுத்துக் கட்டியால் மூச்சு முட்டிச் செத்தவள். ஆகவே புருல் மாத்திரை அட்டையை எடுத்துத் தன் மரப்பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டாள். வெறும் வயிற்றில் மருந்து போட்டால் குடலை அரிக்குமே என்று பாலோடு கொடுத்தாள். இப்படி ஒரு மாமியார் வேறு யாருக்கு வாய்க்கும் என்று தெருவே பேசியது. லாரி ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டிப் போய், மாதத்தில் பத்து நாள் மட்டும் வீட்டில் இருக்கும் கணவன் எர்மெக்கும் அதையேதான் சொன்னான்.

பாலோடு போடக் கூடாது என்பது சாய்ராவுக்குத் தெரியும். அட்டையோடு வந்த சீட்டில் போட்டிருந்தது. வெறும் வயிறு, தண்ணீர், அதன் பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் கூடாது. ஆனால் அதைச் சொல்வது, நீட்டிய கையைத் தட்டிவிடுவது மாதிரி. நாளைக்குச் சொல்லலாம் என்று பதினோரு வருடம் போய்விட்டது.

மூன்று வருடத்துக்கு முன் வேறொன்று தொடங்கியது. மாதவிலக்கு முன்னும் பின்னுமாக வந்தது. நடு இரவில் உள்ளங்காலிலிருந்து நெருப்பு ஏறி, தலையணை நனைந்துவிடும். பிறகு தூக்கம் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் புருல் எழுந்து வந்து சாத்துவாள். காத்து புகுந்தால் கழுத்துக்கு ஆகாது என்பாள். சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் விடியும்வரை சாய்ரா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். பகலில் கிண்ணம் கைநழுவி உடையும். மகன் போனில் கூப்பிட்டால் எரிந்து விழுவாள்.

போன நவம்பரில் டாக்டர் சினாரா ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தாள். பத்து நாளில் சாய்ரா ஐந்து மணிவரை தூங்கினாள். எழுந்து உட்கார்ந்து, யாரோ தன்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனதுபோல் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அந்த அட்டை வீட்டில் யாருக்கும் தெரியாது. ஹார்மோன் என்றால் பெண்ணுக்கு மீசை முளைக்கும் என்பது புருலின் கருத்து. கழுத்துக்குத் தருவதும் ஹார்மோன்தான். ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பெயர் கழுத்து மாத்திரை. புதிய அட்டையை மாட்டுக் கொட்டகைச் சுவரில், இரண்டு மண்கல்லுக்கு இடையில் செருகி வைத்தாள்.

பிப்ரவரி கடைசியில் இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். பதினொன்று என்று வந்தது. நான்குக்குக் கீழே இருக்க வேண்டியது; தைராய்டு மருந்து உடம்புக்குப் போதாவிட்டால் ஏறும் எண் அது. டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த ஹார்மோன் தைராய்டு மருந்துல ஒரு பங்கைப் பிடிச்சு வச்சுக்கும், அக்கா. அதனாலதான் அளவைக் கூட்டிக் குடுத்தேன். அப்பவும் ஏறியிருக்கே. தண்ணியோடதானே போடறீங்க?"

"ஆமா, டாக்டர்."

மாமியார் வாயைத் திறக்கச் சொல்கிறாள் என்று, தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளிடம் எப்படிச் சொல்வது?

"ஆறு வாரம் பாக்கறேன். அப்பவும் இறங்கலேன்னா ஹார்மோனை நிறுத்த வேண்டியதுதான். வேற வழி தெரியலை."

வீடு திரும்பும் வண்டியில் சாய்ராவுக்கு மனதில் வேறு எதுவும் ஓடவில்லை. பழைய இரவுகள் திரும்ப வரும், ஜன்னல் திரும்பச் சாத்தப்படும். இதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. கழுத்து மாத்திரையை இரவில் போடலாமா என்றும் யோசித்தாள். வயிறு காலியாகி மூன்று மணி நேரம் வேண்டும். அந்த வீட்டில் கடைசிப் பால் தேநீரைப் படுத்துக்கொண்டே குடிப்பார்கள். மருந்துக் கடையில் கழுத்து மாத்திரையில் இன்னொரு அட்டை வாங்கினாள்.

மறுநாளிலிருந்து, ஐந்து அடிக்குமுன் கொட்டகைக்குப் போய்த் தண்ணீரோடு ஒன்றை விழுங்கினாள். ஆறு மணிக்குத் தட்டில் வந்ததை மேல் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கி, தேநீரை மட்டும் இறக்கி, வாயைத் திறந்து காட்டினாள். பிறகு சாம்பல் கொட்டப் போய்த் துப்பினாள். திருடுகிறவளைப் போல இருந்தது. ஆனாலும் நான்கு வாரம் ஓடிற்று.

மார்ச் கடைசியில் செம்பசு கன்று போடும் நாள். விடியுமுன் அது கத்தியதைக் கேட்டுப் புருல் விளக்கோடு கொட்டகைக்கு வந்தாள். சாய்ரா சுவரோரம், ஒரு கையில் தண்ணீர்ப் புட்டியும் மறு கையில் இரண்டு அட்டைகளுமாக நின்றாள்.

"என்னடி அது?"

மறைக்க நேரமில்லை. ஒரு அட்டையை நீட்டினாள். "கழுத்து மாத்திரை. நீங்க குடுக்கறதும் இதேதான், அபா. பாலோட போட்டா உடம்புல ஏறாதாம்."

"அப்ப நான் இத்தனை வருஷம் குடுத்தது?"

"கொஞ்சம் ஏறியிருக்கும்."

புருல் விளக்கைத் தரையில் வைத்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல்லேர்ந்தே."

"வாயில்லையா உனக்கு? தினமும் திறந்து காட்டினியே."

பசு காலை மாற்றி நின்றது. புருல் மற்ற அட்டையைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். சாய்ராவுக்கு அலுத்துவிட்டது. உடம்பு எரிவதற்கு என்றாள், தூக்கத்துக்கு என்றாள், ஹார்மோன் என்றும் சொல்லிவிட்டாள்.

கிழவி வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"எனக்கும் எரிஞ்சுது. ஏழு குளிர்காலம். பனியில காலைப் புதைச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருப்பேன். உன் மாமனார் பேய்தான்னு முடிவு பண்ணி முல்லாவைக் கூட்டிட்டு வந்தார். முல்லா ஒரு ஆட்டுத் தொடையைத் தின்னுட்டுப் போனார். பேய் போகலை."

சாய்ரா சிரித்தாள். புருலும் சிரித்தாள். முப்பது வருடத்தில் இருவரும் இப்படிச் சேர்ந்து சிரித்தது நினைவில்லை. சொல்லியிருக்கலாமே, இவ்வளவுதானா என்று சாய்ராவுக்கு நெஞ்சு இளகியது.

புருல் எழுந்தாள். இரண்டு அட்டைகளையும் அவள் கையிலிருந்து வாங்கித் தன் கம்பளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அந்த எரிச்சல் உனக்கு வேணாம். இனிமே ரெண்டையும் நானே பாத்துக்கறேன். நீ மறைச்சு மறைச்சு வச்சா எலி தின்னுடும்."

மறுநாள் ஐந்து மணிக்குத் தட்டு வந்தது, தண்ணீரோடு. விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகு, புருல் எதிரிலேயே அமர்ந்து ஒரு மணி நேரமும் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டினாள். தானும் தேநீர் குடிக்கவில்லை. சாய்ரா ஒரு ரொட்டித் துண்டைத் தொட்டாலும் உருட்டுவது நின்றுவிடும். இரவில் ஹார்மோன் மாத்திரையோடு இரண்டாவது தட்டு வந்தது.

ஆறாவது வாரம் டி.எஸ்.எச். மூன்று புள்ளி ஒன்று. டாக்டருக்கு மகிழ்ச்சி. என்ன செய்கிறீர்களோ அதை அப்படியே செய்யுங்கள், ஹார்மோனை நிறுத்த வேண்டாம் என்றாள்.

அன்று சாப்பாடு முடிந்ததும் சாய்ரா கேட்டாள். "அபா, அந்த ஒரு அட்டையை மட்டும் நானே வச்சுக்கறேனே."

"எதுக்கு? நான்தான் இருக்கேனே."

பெட்டி திறந்தது, பூட்டியது. நீலப் பூத் தட்டு வந்தது. சாய்ரா விழுங்கினாள், கேட்கும் முன்பே வாயைத் திறந்தாள். புருல் அவள் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி, போகிற போக்கில் ஜன்னல் கொண்டியையும் ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

சாய்ரா படுத்தாள். ஐந்து மணிவரை நன்றாகத் தூங்கினாள்.