முயல் வீட்டுக்கு வந்த மூக்கு

காலிங் பெல் அலறிய அலறலில் கையிலிருந்த பினாயில் பாட்டில் நழுவி மாப்பிள்ளையின் மேலேயே கவிழ்ந்தது. பாதி சட்டைக்கு, பாதி பேன்ட்டுக்கு, மிச்சம் தரைக்கு.

முழங்காலில் நின்றபடியே கதவைப் பார்த்தான். மனைவியாக இருக்க முடியாது, அவளிடம் சாவி இருக்கிறது. கூரியர் பையன் ஒரு தடவை தட்டிவிட்டு ஓடிவிடுவான். இதுவோ வைத்த விரலை எடுக்காத பெல். அப்படி அடிக்கிற ஆள் குடும்பத்திலேயே ஒருவர்தான்.

திறந்தான். அவரேதான். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் துணிப்பை, முகத்தில் கறுப்புக் கண்ணாடி.

"மாமா! சாயந்திர பஸ்ஸுன்னு சொன்னீங்களே?"

"காலைல ஒண்ணு காலியா நின்னுது, ஏறிட்டேன். ஏன் மாப்பிள்ளை, திரும்பிப் போயிட்டு சாயந்திரம் வரட்டுமா?"

"ஐயோ, வாங்க மாமா, வாங்க."

மாமனார் வரவில்லை. அவருடைய மூக்கு மட்டும் முதலில் உள்ளே வந்தது.

அது சாதாரண மூக்கு இல்லை. சோப்புத் தொழிற்சாலையில் சம்பளம் வாங்கிய மூக்கு. கொதித்து இறங்கி, வெட்டிக் காயவைத்த சோப்பை மாமனார் ஒரு தடவை முகர்ந்து பார்க்காமல் அங்கே ஒரு கட்டிக்கும் உறை சுற்ற மாட்டார்கள். 'ம்' என்றால் லாரி ஏறும். தலையை இடவலமாக ஆட்டினால் மொத்தமும் மறுபடி கொப்பரைக்குப் போகும். முதலாளியே எதிர்க் கேள்வி கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் 'மூக்கு சார்'. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மூக்கு இன்னும் பெறவில்லை.

இப்போது பிரச்சினை கண்ணில். இரண்டிலும் புரை. இந்த வாரம் ஒன்றுக்கு ஆபரேஷன், அது ஆறியதும் அடுத்ததுக்கு. கட்டுப் போட்டுக்கொண்டு தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு மனிதர் தனிக்கட்டை. வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகன் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு விடுதியில் படுக்கைக்குச் சொல்லி வைத்திருந்தான். நாளைக்குள் 'சரி' சொல்ல வேண்டும்.

"அப்பாவை யாரோ ஒரு நர்ஸு கையில விட்டுட்டு எனக்குச் சோறு இறங்குமா?" என்று மனைவி அழாத குறையாகச் சொன்னாள். ஆனால் போனில் அப்பா ஒரே பிடியாக நின்றார். "முயல் வளர்க்கிற வீட்டுல எப்படிம்மா படுக்கிறது? கண்ணைக் கட்டிட்டா எனக்கு மிச்சம் இருக்கறது மூக்கு மட்டும்தான்."

"ஒரு நாள் வந்து இருந்து பாருங்கப்பா. நாறினா நானே உங்களை விடுதியில கொண்டுபோய் விடறேன்" என்று அவள் பந்தயம் கட்டினாள்.

அந்த ஒரு நாள் இது.

காலையில் அரை நாள் வேலைக்காகக் கூரியர் ஆபீசுக்குக் கிளம்பும்போது அவள் கணவனிடம் சொன்னது இவ்வளவுதான்: "எல்லாம் சரியா இருக்கு. எதையும் தொடாதீங்க."

எதையும் தொடாமல் இருப்பது ஒரு கணவனால் ஆகிற காரியமா? அதுவும் மாமனார் வருகிற நாளில்? கடைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவனுக்குக் கை துறுதுறுத்தது. முயல்களுக்கென்று விட்டிருந்த அறைக்குப் போய், அவை கக்கூஸ் போகிற பெரிய பிளாஸ்டிக் ட்ரேயை எடுத்தான். அதிலிருந்த காகிதக் குருணை, காய்ந்த புல், புழுக்கை உருண்டைகள் எல்லாவற்றையும் குப்பைப் பையில் கொட்டிப் பால்கனியில் கட்டிப் போட்டான். பினாயில் ஊற்றித் தேய்தேயென்று தேய்த்தான். புதுக் குருணை பரப்பி, அதன் மேல் ரோஜா மணம் கமழும் ரூம் ஸ்பிரேயை ஒரு சுற்று அடித்தான். தன்னைத் தானே தட்டிக்கொடுக்காத குறை.

முயல்கள் இரண்டும் வந்து பார்த்தன. வெள்ளையாக இருக்கும் பெண் முயல் பஞ்சு. சாம்பல் நிறத்தில் இருக்கும் ஆண் முயல் மிளகு. இரண்டும் ட்ரேயை முகர்ந்துவிட்டு, வீடு மாறி வந்துவிட்ட விருந்தாளி மாதிரி பின்வாங்கின. அதற்கப்புறம் பஞ்சு சோபாவுக்கு அடியில் தன் வேலையை முடித்தது. மிளகு கால்மிதியில். மாப்பிள்ளை துடைக்கத் துடைக்க அவை இடம் மாற்றின. இடம் மாற மாற அவன் பினாயிலோடு பின்னாலேயே போனான். அப்போதுதான் பெல் அடித்தது.

"ரோஜா" என்றார் மாமனார் உள்ளே வந்து உட்கார்ந்து. "மட்டமான ரோஜா. அதுக்குக் கீழ பினாயில். அதுக்குக் கீழ..." நிறுத்தி, மூச்சை இழுத்தார். "ஓஹோ."

"இல்ல மாமா, அது வந்து..."

"நாத்தத்து மேல ரோஜாவை ஊத்தினா ரோஜாவும் சேர்ந்து நாறும் மாப்பிள்ளை. இதுக்குத்தான் ஒரு கொப்பரை சோப்பையே கொட்டச் சொல்லியிருக்கேன்."

மாப்பிள்ளை தண்ணீர் கொண்டு வர ஓடினான். சமையலறையிலிருந்து திரும்பியவன் வாசலிலேயே உறைந்தான். மாமனார் தரையில் வைத்த துணிப்பையிலிருந்து அவருடைய மெத்தென்ற சால்வை பாதி வழிந்து கிடந்தது. அதன் மேல் மிளகு ஏறி உட்கார்ந்திருந்தது. வாலைத் தூக்கியது.

"மாப்பிள்ளை, என் பை பக்கத்துல சாம்பல் கலர்ல என்னவோ அசையுது. நிஜமா, இல்ல என் கண்ணா?"

"கண்ணுதான் மாமா" என்று வாய் வரை வந்த பொய்யை அவன் விழுங்கினான். பொய் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. மாமனாரின் மூக்கு ஏற்கெனவே அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"சரி" என்றார் சட்டைப்பையில் போனைத் தேடியபடி. "பெரியவனுக்கு ஒரு போன் போட்டுடறேன்."

பூட்டில் சாவி திரும்பியது. மனைவி உள்ளே வந்தாள். அப்பா, சால்வை, மிளகு, கணவனின் சட்டை, இந்த வரிசையில் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது.

"ட்ரேயைக் கழுவினீங்களா?"

"லேசா."

"பினாயில் போட்டா?"

"லேசாத்தான்."

"உங்க சட்டை வேற சொல்லுதே" என்றாள். "பிளீச்சிங் பவுடர்?"

"அது தீர்ந்துபோச்சு."

"கடவுள் இருக்காரு. அதுவும் இதுங்க மூத்திரமும் சேர்ந்தா கிளம்புற புகையில நாம எல்லாரும் வெளியே ஓடியிருக்கணும்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான் மாப்பிள்ளை. கத்தவில்லை. அதுதான் அவளிடம் அவனுக்கு எப்போதும் பிடிபடாத விஷயம். வீடு தலைகீழாகக் கவிழும்போது அவள் குரல் ஒரு படி இறங்கும்.

"அப்பா, ஒரு டீ குடிக்கிற நேரம் குடுங்க. அப்புறம் யாருக்கு வேணும்னாலும் போன் போடுங்க."

"டீ சரி. என் சால்வை?"

"அதை நான் துவைச்சுத் தரேன். இப்போ அது எனக்கு வேணும்."

ஈரமான சால்வையை யாராவது வேணும் என்று கேட்பார்களா? மாமனார் புருவத்தைத் தூக்கினார். போன் மட்டும் கையிலேயே இருந்தது.

ஜன்னல்களை எல்லாம் திறந்தாள். முயல்களைத் தூக்கிக் காற்றோட்டமான பால்கனியில் விட்டாள். ட்ரேயிலிருந்த புதுக் குருணையைக் கொட்டி, கழிவறையில் வைத்துப் பினாயில் வாடை போகும் வரை வெறும் தண்ணீரில் அலசினாள். அப்பா நாற்காலியைக் கழிவறை வாசலுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார். சோப்புக் கொப்பரைக்குப் பக்கத்தில் அப்படித்தான் உட்காருவாராம்.

"இப்போ என்னத்தை ஊத்தறே? புளிச்ச வாடை."

"வினிகர்ப்பா. இதுங்க மூத்திரம் காய்ஞ்சா சுண்ணாம்பு மாதிரி படியும். வாசனை அதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும். எத்தனை தேய்ச்சாலும் போகாது. வினிகர் ஊத்தி ஊறவிட்டா தானா உரிஞ்சு வந்துடும்."

மூலையில் வெள்ளைப் படலம் ஒன்று நிஜமாகவே நுரைத்துக் கழன்றது. காலை முழுக்கத் தேய்த்துத் தோள்பட்டை வலித்த மாப்பிள்ளை அதை வாய் பிளந்து பார்த்தான்.

"ஆம்பளை முயல் மூலைக்கு மூலை மூத்திரம் அடிச்சு வைக்குமே?" என்றார் அப்பா.

"கால்நடை டாக்டர்கிட்ட ரெண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு. அதுக்கப்புறம் அந்தக் காரமான வாடையும் இல்ல, கண்ட இடத்துல அடிக்கிறதும் இல்ல. இன்னிக்கு வரைக்கும்" என்று கணவனை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"நான் நல்லதுக்குத்தான்..."

"தெரியுமே. உங்க நல்லதுதான் சோபாவுக்கு அடியில ஓடுது."

ட்ரேயைத் துடைத்துக் காயவைத்து, முயல் அறையில் கொண்டுபோய் வைத்தாள். அடியில் செய்தித்தாள், அதன் மேல் காகிதத்தை அரைத்து அழுத்திய குருணை. ஒரு பக்கத்தில் மட்டும் காய்ந்த புல்லைக் கூடையில் நிறைத்து, ட்ரேயின் மேலேயே தொங்கவிட்டாள்.

"சாப்பாட்டைக் கக்கூஸ் மேலயா தொங்கவிடுவாங்க?" என்றார் அப்பா.

"நமக்குத்தான் அது அசிங்கம். இதுங்க மென்னுகிட்டேதான் போகும். எங்க தின்னுதோ அங்கதான் போகும். வந்த புதுசுல நான் புல்லை இந்த மூலையில வச்சேன், ட்ரேயை அந்த மூலையில வச்சேன். வீடே நாறிச்சு. இவரு பாவம், பொறுத்துக்கிட்டாரு. கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்து இதுங்களையே பார்த்துக்கிட்டிருந்தேன். அப்புறம்தான் புரிஞ்சுது."

மாப்பிள்ளைக்கு அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. கன்னத்தில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்து முயலையே பார்த்துக்கொண்டிருந்தவளை, சும்மா பொழுதுபோக்குகிறாள் என்றல்லவா நினைத்திருந்தான்?

அடுத்து அவள் செய்ததுதான் வேடிக்கை. பால்கனிக்குப் போய், அவன் கட்டிப் போட்ட குப்பைப் பையை அவிழ்த்தாள். பழைய உருண்டைகளில் ஒரு கைப்பிடி அள்ளினாள். சால்வையின் ஈரத்தை ஒரு காகிதத்தில் ஒற்றி எடுத்தாள். இரண்டையும் பளபளவென்றிருந்த ட்ரேயின் மூலையில் பத்திரமாக வைத்தாள்.

"அடிப்பாவி!" என்றான் மாப்பிள்ளை தன்னை மறந்து. "கஷ்டப்பட்டுக் கழுவிட்டு மறுபடியும் அதையே போடறியே?"

"இது அதுங்க வீட்டு வாசல்ல மாட்டின பேர்ப் பலகைங்க. நீங்க பலகையைக் கழட்டிட்டு ரோஜா அடிச்சீங்க. அதுங்க என்ன பண்ணும்? புது வீட்டுக்கு எல்லாம் பேர் எழுதக் கிளம்பிடுச்சு. சோபாவுல ஒண்ணு, அப்பா சால்வையில ஒண்ணு."

"கொஞ்சூண்டு நாத்தம் இருக்கட்டும்ங்கறே" என்றார் அப்பா மெதுவாக.

"அதுங்களுக்குத் தெரியற அளவு. நமக்குத் தெரியாத அளவு. உருண்டை நாறாதுப்பா, அது வெறும் புல்லுதான். தினமும் காலைல நனைஞ்ச மூலையை மட்டும் அள்ளிட்டுப் புதுசு போடுவேன். ஈரம் பழசாகறதுக்குள்ள போயிடணும். அவ்வளவுதான் வித்தை."

மாமனார் போனை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

முயல்கள் உள்ளே வந்தன. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பஞ்சு ட்ரேயின் விளிம்பில் முன்னங்காலை வைத்து முகர்ந்தது. மீசை துடித்தது. உள்ளே குதித்தது. பின்னாலேயே மிளகு வந்து, கூடையிலிருந்து ஒரு புல்லை உருவிக் கறுக் கறுக்கென்று மென்றபடி, உலகமே தன்னுடையது என்கிற முகத்தோடு வாலைத் தூக்கியது. ட்ரேயின் மூலையில்தான். சரியாக அந்த மூலையில்.

மாப்பிள்ளைக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. முயலுக்கு இல்லை. ஆள் சத்தமே இல்லாமல், ஒரு கைப்பிடி பழைய குப்பையை வைத்து வீட்டைத் திருப்பி நிமிர்த்திவிட்டாளே, அவளுக்கு. அவளோ சோபாவுக்கு அடியில் படுத்துக்கொண்டு வினிகர்த் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டீ வந்தது. மாமனார் நிதானமாகக் குடித்தார். சாயந்திர வெயில் ஜன்னல் வழியாக உள்ளே சாய்ந்தது. காற்று வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே போனது. மகள் அவர் கையிலிருந்த போனைப் பார்ப்பதும் பார்க்காத மாதிரி திரும்புவதுமாக இருந்தாள்.

அவர் எழுந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை மடித்துக் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"என்னப்பா இது?"

"ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படித்தானே இருக்கப் போறேன்? யாரும் பிடிக்க வேண்டாம். யாரும் பேச வேண்டாம்."

சுவரைத் தடவியபடி நடந்தார். ஹாலில் நின்று முகர்ந்தார். முயல் அறைக்குள் போனார். ட்ரேக்கு நேர் மேலே குனிந்து, ஆழமாக, நீளமாக இழுத்தார். இந்த இழுப்புக்குத்தான் ஒரு தொழிற்சாலையே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

"புல்லு" என்றார். "காகிதம். ரொம்ப அடியில, மழை பெஞ்ச தோட்டம் மாதிரி ஒண்ணு."

நிமிர்ந்து திரும்பினார். மூக்கு எதையோ பிடித்துவிட்டது. ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார். ஹாலைத் தாண்டி, மேஜையைச் சுற்றி, மாப்பிள்ளைக்கு நேர் எதிரில் வந்து நின்றார். முகர்ந்தார். தலையை இடவலமாக ஆட்டினார்.

மகளின் முகம் வெளுத்தது. மாப்பிள்ளை ஒரு அடி பின்வாங்கினான்.

மாமனார் கண்கட்டை அவிழ்க்காமலே போனை நீட்டி, "பெரியவனைக் கூப்பிட்டுக் குடும்மா" என்றார். எதிர்முனையில் ஹலோ கேட்டதும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"டேய் பெரியவனே, அந்த விடுதிக்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடு. என் கட்டிலை முயல் ரூம்லயே போடச் சொல்லப்போறேன்; இந்த வீட்டுல நாறுறது மாப்பிள்ளை ஒருத்தர்தான், அதுவும் குளிச்சாப் போயிடும்."