ரெண்டாவது மாடி, இடது பக்கம்

கப்பல் டிக்கெட் போடுற பொண்ணு மூணு தடவை கேட்டுச்சாம், "நிச்சயமா ரெண்டாவது மாடிதானா மேடம்?"னு. பன்னெண்டாவது மாடியில கண்ணாடித் தடுப்பு வச்ச பால்கனி ரூம் ஒண்ணு காலியா இருக்கு, அங்கேருந்து பார்த்தா கடல் விரிச்ச பாய் மாதிரி கிடக்கும், அதுக்குத்தான் எல்லாரும் அடிச்சுக்கறாங்க, நீங்க என்னடான்னா தண்ணியில மூக்கு முட்டுற ரூமைக் கேட்டு நிக்கறீங்களேன்னு அதுக்கு ஒரே ஆச்சரியம். அக்கா பிடி கொடுக்கல. ரெண்டாவது மாடி, இடது பக்கம், கப்பலோட மூக்குப் பக்கத்துலேர்ந்து எண்ணினா பதினோராவது பால்கனி. அந்தப் பதினொண்ணுங்கற கணக்கைக் கேட்டதும், "ஜோசியம் எதுவும் பார்த்தீங்களா?"ன்னுச்சாம். "ஆமா, என் தம்பி பார்த்துச் சொன்னது"ன்னுட்டா அக்கா.

அக்கா வீட்டுக்காரருக்கும் இதுல மனத்தாங்கல். அவருக்கு லீவு கிடைக்காததால அக்காவும் அம்மாவும் மட்டும்தான் போறாங்க, இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா. கப்பல்ல போயும் குடோன் மாதிரி இடத்துலயா படுக்கணும், உன் தம்பிக்கு மீனோட பேசணும்னா அவனே வந்து படுத்துக்கட்டும்னு ரெண்டு நாளா சொல்லிக்கிட்டே இருந்தாராம்.

ஜோசியமும் இல்ல, மீனும் இல்ல. அந்தத் தம்பி, வீட்டுக்குச் சின்னவன், கயித்துக்காரன். கப்பல் துறைமுகத்துல அணையும்போது மேலேர்ந்து தொடை பருமனுக்குக் கயிறு இறக்குவாங்க இல்லையா, அதை இழுத்து, கரை மேடையில இடுப்பளவு நிக்கிற இரும்புக் குத்தியில மாட்டுறதும், கிளம்பும்போது கழட்டி விடுறதும்தான் அவன் வேலை. அந்த வேலையைத் தேடி அவன் கடல் தாண்டி வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஆறு வருஷமா இங்கயே தங்கறதுக்கான அவன் பேப்பர் ஏதோ ஒரு ஆபீஸ் மேசையில தூங்குது. நடுவுல வெளியே போனா ஃபைலை மூடிடுவாங்க, அப்புறம் உள்ளே விட மாட்டாங்க. அம்மா இங்க வரலாம்னு ரெண்டு தடவை விசா கேட்டுப் பார்த்தாச்சு. ரெண்டு தடவையும், நீங்க திரும்பிப் போவீங்கன்னு எங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னு எழுதி அனுப்பிட்டாங்க.

ஆனா அந்த வெள்ளைச் சுற்றுலாக் கப்பல் இருக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வரும், காலையில ஏழு மணிக்குக் கட்டினா சாயங்காலம் அஞ்சுக்குக் கிளம்பும். விசா இல்லாதவங்க இறங்கக் கூடாது, கப்பல்லயே இருக்கலாம். அப்படி இறங்காம பால்கனியில நின்னு வேடிக்கை பார்க்கறவங்களை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கான். ரெண்டாவது மாடியில நிக்கறவங்க முகம் பளிச்சுனு தெரியும். ஒரு தடவை ஒருத்தர் மேலேர்ந்து மணி என்னன்னு கேட்டு, இவன் கீழேர்ந்து பதில் சொல்லியிருக்கான். பன்னெண்டாவது மாடியிலேர்ந்து மணி கேட்டா காக்காய்க்குத்தான் கேட்கும்.

இதையெல்லாம் அவன் ஆசைக்குன்னு மட்டும் பண்ணல. பதினாலு மாசமா அம்மா அவன்கிட்ட பேசல.

அப்பா போன அன்னிக்கு ஆரம்பிச்சது அது. அவனால போக முடியல. அக்கா போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னா. இங்க அவன் மஞ்சள் சட்டையோட ரெண்டு கன்டெய்னருக்கு நடுவுல நின்னு, உள்ளங்கை அளவு கண்ணாடியில அப்பாவைத் தூக்கிட்டுப் போறதைப் பார்த்தான். அவன் அழுதது அங்க எல்லாருக்கும் தெரிஞ்சுது. அம்மா கிட்ட வந்து போனைப் பார்த்தாங்க, அந்த நேரம் பார்த்துப் படம் நின்னு போச்சு. திரும்ப வரவே இல்ல. அதுக்கப்புறம் அவன் கூப்பிடும்போதெல்லாம் அக்கா போனை அம்மா பக்கம் திருப்பினா, அம்மா எழுந்து போயிடுவாங்க. ஒரு தடவை, "அதை அந்தப் பக்கம் திருப்பு"ன்னு அம்மா சொன்னது அவன் காதுல விழுந்துச்சு. அக்கா எதையோ சொல்லி மழுப்பினா. அவனுக்கா புரியாது? பெத்த அப்பனுக்கு வராத புள்ளையோட என்ன பேச்சுன்னு அம்மா ஒதுக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

அதனாலதான் அந்தப் பதினோராவது பால்கனி. மேடையில நாலாவது இரும்புக் குத்திக்கு நேர் எதிரே வர்ற பால்கனி அது. ரெண்டு தடவை கப்பல் வந்தப்ப விரலை நீட்டி நீட்டி எண்ணிப் பார்த்து வச்சிருந்தான். இடது பக்கம்தான் மேடையில அணையுதான்னு ஒன்றரை வருஷத்துப் பதிவேட்டைப் புரட்டினான். காத்து திரும்பினா? பனி மூடினா? வேற கப்பல் அந்த இடத்தைப் பிடிச்சுக்கிட்டா? தினம் ஒரு சந்தேகத்தோட அக்காவைக் கூப்பிடுவான். கடைசியில அவ அலுத்துப் போய், "டேய், நீ கப்பலைக் கட்டப் போறியா, ஓட்டப் போறியா?"ன்னா.

அம்மாகிட்ட அக்கா எதையும் மறைக்கல. இன்ன ஊர்ல ஒரு நாள் நிக்கும், தம்பி கீழே இருப்பான்னு சொன்னா. அம்மா துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்களாம். கையில இருந்ததை மடிச்சு முடிச்சுட்டு, "வரேன். ஆனா பேசச் சொல்லாத"ன்னாங்களாம்.

அந்த நாளும் வந்துச்சு. காத்து திரும்பல, பனியும் இல்ல. கப்பல் சொன்ன நேரத்துக்கு இடது பக்கத்தைக் காட்டிக்கிட்டே ஆனை மாதிரி அசைஞ்சு வந்துச்சு. நாலாவது குத்தியைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி மேஸ்திரிகிட்ட முன்னாடியே கேட்டு வச்சிருந்தான். விஷயம் என்னன்னு விசாரிச்ச மேஸ்திரி, சரி நில்லு, ஆனா பெத்தவ பார்க்கிறான்னு பந்தா பண்ணி வழுக்கி விழுந்து வைக்காதேன்னார்.

வழுக்கல. கயித்தை மாட்டிட்டு, மேலே கை காட்டிட்டு, அப்புறம்தான் நிமிர்ந்தான். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண வேண்டிய அவசியமே இல்லாம, எதிர்லயே பதினொண்ணு. அங்க அக்கா நின்னா. கொஞ்சம் குண்டாயிருந்தா. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினா, உடனே முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. அவ பக்கத்துல யாரும் இல்ல.

வரலை, அப்படின்னு நினைச்சுக்கிட்டான். உள்ளேயே உக்காந்துட்டாங்க.

"அம்மா எங்கக்கா?"

அக்கா தன் பக்கத்துல கீழே காட்டினா. "இதோ, இங்கதான்டா நிக்கறாங்க."

அவனுக்குத் தெரிஞ்சது வெள்ளைப் பெயின்ட் அடிச்ச இரும்புதான். மேல் மாடிகள்ல பால்கனித் தடுப்பு கண்ணாடி. நிக்கறவங்க செருப்பு வரைக்கும் தெரியும். கீழ் மாடி அலை அடிக்கிற இடம், அதனால அங்க கண்ணாடி கிடையாது, நெஞ்சு உயரத்துக்குக் கனத்த இரும்புச் சுவர். வளர்ந்தவங்க அதுமேல கையை ஊன்றி நிக்கறதைத்தான் இத்தனை நாளும் அவன் பார்த்திருக்கான். அவனோட அம்மாவும் வளர்ந்தவங்கதான். பரண்ல இருக்கிற அண்டாவை முக்காலி போடாம எட்டி எடுக்கிற அம்மா.

"ஏன், குனிஞ்சுக்கிட்டு இருக்காங்களா?"

அக்கா ஒரு தடவை கீழே குனிஞ்சு பார்த்தா. அப்புறம் சொன்னா. "அவங்களால நிமிர முடியாதுடா. முதுகு வளைஞ்சு போச்சு. அப்பா படுக்கையில கிடந்தப்ப தூக்கித் தூக்கிப் பார்த்த நாள்லேர்ந்தே வலின்னாங்க. உன்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு..."

போன்ல முகம் மட்டும்தானே தெரியும். அந்த முகமும் இல்லாம பதினாலு மாசம். ஆறு வருஷத்துக்கு முன்னாடி வாசல்ல நின்ன அம்மாவை அளவெடுத்து ரூமைத் தேடியிருக்கான் மடையன்.

அவன் பின்னாடி நடந்தான். கிரேன் ஓடுற தண்டவாளம் வரைக்கும் போனதும் இரும்புக்கு மேல கொஞ்சம் வெள்ளை தெரிஞ்சுது. முடி. அம்மாவுக்கு இவ்வளவு நரைச்சிருக்கும்னு அவன் நினைக்கவே இல்ல. இன்னும் பின்னாடி, கம்பி வேலியில முதுகு இடிக்கிற வரைக்கும் போனப்ப நெத்தி தெரிஞ்சுது. ஆனா அங்கேர்ந்து ஒண்ணும் கேட்கல, அக்கா வாயசைக்கிறது மட்டும்தான். ஓடி வந்து பழையபடி குத்திகிட்ட நின்னப்ப, அக்கா பேசறது கேட்டுச்சு, வெள்ளை முடி மறைஞ்சு போச்சு. பார்க்கணும்னா கேட்க முடியாது, கேட்கணும்னா பார்க்க முடியாது. ரெண்டு தடவை அப்படிப் போயி வந்ததைப் பார்த்து, அந்தப் பக்கம் நின்ன கூட்டாளி, "என்னப்பா, கபடி ஆடறியா?"ன்னான்.

மேஸ்திரி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கட்டி முடிச்சா பத்து நிமிஷத்துல மேடையைக் காலி பண்ணணும், அது சட்டம். அக்கா ஏதோ எடுக்க உள்ளே ஓடினா.

அப்பத்தான் மேலே நாற்காலி இழுபடுற சத்தம். இரும்புத் தரையில கிரீச்சுனு. அடுத்த நொடி அந்த வெள்ளை முடி விளிம்புக்கு மேல எழும்புச்சு, அப்புறம் நெத்தி, அப்புறம் பிடி தேடித் துழாவுற ஒரு கை. பக்கத்துல யாரும் இல்ல. சுவருக்கு இந்தப் பக்கம் மேடைக்கும் கப்பலுக்கும் நடுவுல ரெண்டு ஆள் அகலத்துக்குக் கறுப்புத் தண்ணி.

"ஏறாதம்மா. இறங்கு. அம்மா, இறங்கும்மா கீழ."

அந்தக் கை நின்னுச்சு. நெத்தி இறங்குச்சு, முடி இறங்குச்சு. அவன் குத்தியைப் பிடிச்சுக்கிட்டான். பதினாலு மாசம் கழிச்சு அம்மாகிட்ட அவன் பேசின முதல் பேச்சு ஒரு அதட்டல்.

சுவருக்குப் பின்னாலேர்ந்து குரல் வந்துச்சு. மெலிஞ்சிருந்துச்சு, ஆனா அம்மா குரல்தான். "அப்ப நான் எப்படிடா உன்னைப் பார்க்கிறது?"

"பார்க்க வேணாம்மா. பேசு."

பத்து நிமிஷத்துல எவ்வளவு போச்சோ. ஆள் உள்ளே போயிட்டாங்களோன்னு நினைச்சப்ப குரல் திரும்ப வந்துச்சு.

"அன்னிக்கு உன்கூட யாரு இருந்தா?"

எந்த அன்னிக்குன்னு அவன் கேட்கல. "யாரும் இல்லம்மா."

"அப்படி அழுதியே. ஒருத்தர் கூடவா தோளைத் தொடல?"

"கப்பல் வந்துருச்சும்மா. முகத்தைக் கழுவிட்டு வேலைக்குப் போயிட்டேன்."

அம்மா மூச்சு இழுக்கிறது கூடக் கேட்கிற மாதிரி இருந்துச்சு. "அதுக்குத்தான் நான் போன்கிட்ட வரல. அந்த டப்பாவுல உன் மூஞ்சியைக் காட்டினா, நீ அன்னிக்கு நின்ன மாதிரியே தனியா நிக்கற. அதுக்குள்ள என் கை போக மாட்டேங்குது. பார்த்துட்டு என்ன பண்ணச் சொல்ற?"

"கோவம்னு நினைச்சேம்மா."

"கோவமும்தான். இல்லன்னு பொய் சொல்லுவேனா? நீ வந்திருக்கணும்டா."

பேப்பர், ஃபைல், ஆபீஸ்னு சொல்றதுக்கு அவன்கிட்ட நூறு இருந்துச்சு. ஆறு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிப் பழகின வாய்தான். "வந்திருக்கணும்மா"ன்னான்.

சுவருக்கு மேல கை வந்துச்சு. நாற்காலி இல்லாம, எக்கி நீட்டின கை, மணிக்கட்டு வரைக்கும்தான். விரல் நாலும் விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்குச்சு. எட்டற உயரமே இல்ல. ஆனாலும் அவன் கையுறையைக் கழட்டிட்டுத் தன் கையைத் தூக்கிக் காட்டினான், அங்கேர்ந்து அவங்களுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சும். அக்கா வெளியே வந்தவ, ரெண்டு கையையும் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டா. "கையைத் தூக்கியிருக்கான்மா"ன்னு மட்டும் கீழே குனிஞ்சு சொன்னா.

மேஸ்திரி விசில் அடிச்சார். இன்னொரு தடவை அடிக்கல, அது அவர் பண்ணின உபகாரம்.

"போ. வேலையைப் பாரு," அம்மா சொன்னாங்க. "சாயங்காலம் அவிழ்க்க வருவியா?"

"நான்தாம்மா அவிழ்க்கணும்."

"அப்ப நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

பகல் பூரா உக்காந்திருந்தாங்கன்னு அக்கா செய்தி அனுப்பிக்கிட்டே இருந்தா. சாப்பாட்டைக் கூடப் பால்கனிக்குக் கொண்டுவரச் சொன்னாங்க, வெயில் வந்ததும் தலையில துண்டைப் போட்டுக்கிட்டாங்க, உள்ளே வாங்கன்னா முறைக்கிறாங்க, உனக்கு அப்படியே அவங்க பிடிவாதம். அவன் வேற ரெண்டு சரக்குக் கப்பலுக்குக் கயிறு போட்டான். மத்தியானம் சாப்பிட்டான். நல்லா சாப்பிட்டான்.

அஞ்சு மணிக்கு மேடைக்கு ஓடி வந்தப்ப கப்பல் உறுமிக்கிட்டு இருந்துச்சு. பக்கவாட்டு இயந்திரம் தண்ணியைக் கலக்க ஆரம்பிச்சுட்டா பக்கத்துல நிக்கறவன் பேசறதே கேட்காது. அக்கா என்னமோ சொன்னா, கேட்கல. இரும்புச் சுவருக்கு மேல அந்த நாலு விரல் மட்டும் இருந்துச்சு. முன் கயிறு போச்சு, பின் கயிறு போச்சு. கடைசியா நடுக் கயித்துக்கு மேலேர்ந்து கை காட்டினாங்க. அவன் குனிஞ்சு, ரெண்டு கையாலயும் வளையத்தைத் தூக்கி, குத்தியிலேர்ந்து எடுத்தான். கயிறு விளிம்புல உரசிக்கிட்டுப் போய்த் தண்ணியில விழுந்துச்சு.

கப்பல் பக்கவாட்டுல நகர்ந்துச்சு. ஒரு முழம், ரெண்டு முழம், அப்புறம் ஒரு வீடு அகலத்துக்குத் தண்ணி. அவன் மேடை விளிம்புல நின்ன இடத்தை விட்டு அசையல. கப்பல்தான் பின்னாடி போச்சு. போகப் போக, இரும்புக்கு மேல முடி தெரிஞ்சுது. முடிக்குக் கீழே நெத்தி. அப்புறம் துண்டுக்கு அடியில ரெண்டு கண்ணு, மூக்கு, வாய். முழு முகம். வயசாயிருந்துச்சு. அவங்களும் அவனைப் பார்த்துட்டாங்க, சந்தேகமே இல்ல, விரல் அப்படியே விளிம்பை இறுக்கிப் பிடிச்சுச்சு.

அம்மா வாய் அசைஞ்சுது. நீளமா ஏதோ சொன்னாங்க, ஒரு வார்த்தையும் வந்து சேரல. சொல்லிட்டுப் பதிலுக்காகப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

சின்னவன் பெரிசா, நல்லாத் தெரியற மாதிரி, சரின்னு தலையை ஆட்டினான்.